ஹெர்னியாவுக்கு முதுகில்தான் ஊசியா?

குடலிறக்க ஆபரேஷன் என்று பேச்செடுத்தாலே நம் ஊர் மருத்துவமனைகளில் அடுத்த வரி தானாக வந்து விழும்: "முதுகுல ஒரு ஊசி, அவ்வளவுதான்." நோயாளி எதுவும் கேட்பதில்லை, மருத்துவரும் விளக்குவதில்லை. இதய நோய் உள்ள எழுபது வயதுக்காரர் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வார்கள்: "முழு மயக்கம் இவருக்கு ஆகாது, ஸ்பைனல்தான் சேஃப்." வெட்டும் இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்யலாமே என்று விவரம் தெரிந்த யாராவது கேட்டால், "லோக்கலா? வலியில துடிச்சுடுவாரு. அதெல்லாம் வேற வழி இல்லாதவங்களுக்குத்தான்" என்று பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பேச்சுக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் முதுகு ஊசியே பாதுகாப்பு என்பது ஒன்று. லோக்கலில் செய்தால் வலிக்கும் என்பது இரண்டு. லோக்கல் ஒரு கைவைத்தியம், முன்னேற்றம் வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடும் நரம்பு பிளாக்குகளுக்குப் போக வேண்டும் என்பது மூன்று. மூன்றையும் மறுக்கிறேன். பெரியவர்களுக்கு வரும் சாதாரணக் கவட்டைக் குடலிறக்கத்தை, வெளியிலிருந்து திறந்து மெஷ் வைத்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு, அந்த இடத்தை மட்டும் அடுக்கடுக்காக மரக்க வைப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். ஸ்பைனல் போடுவதென்றால் காரணம் சொல்லிப் போட வேண்டும். லேப்ராஸ்கோப்பி இந்த வழக்கில் சேராது. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பிச் செய்வதால் அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். குழந்தைகளின் குடலிறக்கமும் தனிக் கதை.

வாதத்துக்குள் போகுமுன் ஒரு பொய்க் குற்றச்சாட்டை அப்புறப்படுத்திவிட வேண்டும். "முதுகுல ஊசி போட்டா காலம் பூரா இடுப்பு வலி" என்பது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் இடுப்பு வலிக்கு அந்த ஊசியே காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சிசேரியனுக்குப் போகும் பெண்களுக்கு ஸ்பைனல் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது மயக்கவியலில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த முறை கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. இந்த வேலைக்கு அது அளவுக்கு மீறியது என்கிறேன்.

எப்படி மீறியது? கவட்டைப் பகுதிக்கு உணர்வு தருபவை மூன்று நரம்புகள்: இலியோஹைப்போகாஸ்ட்ரிக், இலியோஇங்குவினல், ஜெனிட்டோஃபெமரல் நரம்பின் ஒரு கிளை. தண்டுவடத்தில் கடைசி மார்பு நரம்பிலிருந்து இரண்டாம் இடுப்பு நரம்பு வரையிலான சின்னப் பட்டைக்குள் இவை மூன்றின் வேரும் அடங்கிவிடும். வெட்டும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். இதற்காக நாம் தண்டுவட நீருக்குள் மூன்று மில்லி ஹெவி புபிவக்கைனை ஏற்றுகிறோம். குடலுறையை இழுக்கும்போது வலிக்காமலிருக்க மருந்து மேல்வயிறு வரை ஏறியாக வேண்டும். ஆகவே அங்கிருந்து கால் விரல் வரை அத்தனையும் மரத்துப்போகிறது. கால்கள் அசையாது. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகள் ஓய்ந்து ரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகளும் சேர்ந்து தூங்கிவிடுகின்றன. ஒரு வீட்டில் ஃபியூஸ் மாற்றுவதற்காகத் தெரு டிரான்ஸ்பார்மரையே நிறுத்துகிற வேலை இது.

தியேட்டருக்குள் நிற்பவருக்கு இதன் விலை தெரியாது. அங்கே எல்லாம் அமைதி. நோயாளி அசையமாட்டார், தசைகள் தளர்ந்திருக்கும், அறுவை மருத்துவர் நிம்மதியாகத் தைப்பார். விலையை வசூலிப்பது வார்டு. குடலிறக்கம் அதிகம் வருவது வயது ஏறிய ஆண்களுக்கு. புராஸ்டேட் வீக்கம் வருவதும் அதே ஆண்களுக்குத்தான். அழுத்தம் சரிந்ததென்று தியேட்டரில் ஒன்றரை லிட்டர் டிரிப் ஏற்றியிருப்பார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் உணர்வில்லாத சிறுநீர்ப்பைக்குள் இறங்கி நிற்கும். கால் அசைந்துவிட்டது, மருந்து இறங்கிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சிறுநீர்ப்பைக்கு உணர்வு திரும்ப இன்னும் பல மணி நேரம் பிடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு அடிவயிறு கல் மாதிரி உப்பி, "தண்ணி போகலம்மா" என்று பெரியவர் நர்ஸிடம் முனகுவார். குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்க வைப்பார்கள், பையன் தோளில் சாய்த்து நிற்க வைத்துப் பார்ப்பான். கடைசியில் டியூப் போட வேண்டியதுதான். புராஸ்டேட் பெரிதாக இருந்தால் அந்த டியூபும் லேசில் போகாது. ரத்தம், தொற்று, இன்னும் இரண்டு நாள் படுக்கை. ஆபரேஷன் குறிப்பில் இதெல்லாம் ஏறாது. "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று அதில் எழுதி முடித்து வெகு நேரமாகியிருக்கும்.

இது கற்பனைக் கணக்கல்ல. 2002இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், குடலிறக்க அறுவைக்குப் பின் சிறுநீர் நின்றுபோவது பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். லோக்கலில் செய்தவர்களில் 0.37 சதவீதம் பேருக்கு அந்தச் சிக்கல். ஸ்பைனல் போன்ற முறைகளில் 2.42 சதவீதம். முழு மயக்கத்தில் 3 சதவீதம். முழு மயக்கமும் இதில் உத்தமம் இல்லை என்பதைக் கவனியுங்கள். லோக்கலைத் தொட்டால் மட்டும் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கு இறங்குகிறது.

இனி முதல் கூற்று: வயதானவருக்கு ஸ்பைனல்தான் பாதுகாப்பு. மருத்துவர்கள் வாயிலிருந்தே வருவதால் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை இது. நுரையீரலைத் தொடுவதில்லை, மூச்சுக்குழாயில் டியூப் இல்லை, ஆகவே இதயத்துக்கும் நல்லது என்பது அதன் தர்க்கம். முதல் இரண்டும் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது. சுருங்கிய இதய ரத்தக் குழாய்கள் உள்ளவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று சரிவது சின்ன விஷயமா? பெருந்தமனி வால்வு சுருங்கியவருக்கு அது உயிராபத்து. ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு முதுகில் ஊசி போட வேண்டுமானால் ஐந்து முதல் ஏழு நாள் மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும் பயம், நிறுத்தாவிட்டால் தண்டுவடத்தை ரத்தக்கட்டி அழுத்தும் பயம். கவட்டையில் போடும் லோக்கல் ஊசியில் இந்த இரண்டாவது பயத்துக்கே இடமில்லை.

டென்மார்க்கின் தேசியக் குடலிறக்கப் பதிவேட்டை அலசி 2008இல் வெளியான ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் ஸ்பைனல் வகை முறைகளுக்குப் பின்தான் மருத்துவச் சிக்கல்களும் சிறுநீர்ச் சிக்கல்களும் கூடுதல் என்று காட்டியது. 2018இல் வெளியான சர்வதேசக் குடலிறக்க வழிகாட்டு நெறிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. திறந்து செய்யும் அறுவைக்கு, கைப்பழக்கம் உள்ள மருத்துவராக இருந்தால் லோக்கலையே பரிந்துரைக்கின்றன. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு லோக்கல் இல்லையென்றால், ஸ்பைனலைவிட முழு மயக்கமே மேல் என்று யோசனை சொல்கின்றன. மாரடைப்பு, நிமோனியா, ரத்தக்கட்டி ஆகியவை அதில் குறைவாக இருக்கக்கூடும் என்பது காரணம். நம் ஊர் வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "வயசானவர், அதனால ஸ்பைனல்" என்று நாம் சொல்கிறோம். வயதானவர் என்பதையே ஸ்பைனலைத் தவிர்க்கும் காரணமாக அவர்கள் சொல்கிறார்கள்.

பதிவேட்டுத் தரவை முழுதாக நம்ப முடியாது, உடல் மோசமானவர்களைத்தான் ஸ்பைனலுக்குத் தள்ளியிருப்பார்கள், அதனால்தான் சிக்கல் கூடியிருக்கும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ஆனால் அது ஸ்பைனலைக் காப்பாற்றாது. ஸ்பைனல் கூடுதல் பாதுகாப்பு என்று காட்டும் ஆதாரம் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஸ்வீடனின் பத்து மருத்துவமனைகளில் 616 நோயாளிகளை லோக்கல், ஸ்பைனல் வகை, முழு மயக்கம் என்று மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வந்தது. லோக்கலில் செய்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், ஆபரேஷனுக்குப் பின் வலி குறைவாக இருந்தது, சிறுநீர்த் தொல்லையும் குறைவு. அவை குடலிறக்கத்துக்கென்றே நடக்கும் சிறப்பு மருத்துவமனைகள் அல்ல, எல்லா அறுவையும் செய்யும் சாதாரண மருத்துவமனைகள் என்பது முக்கியம்.

இரண்டாவது கூற்று: லோக்கலில் வலிக்கும். இப்படிச் சொல்பவர்களுக்கு வரலாறு ஒரு கேள்வி வைத்திருக்கிறது. 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹார்வி குஷிங் கவட்டை நரம்புகளின் போக்கை விவரித்து, கொக்கைனால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துக் குடலிறக்கம் தைத்ததை எழுதினார். கனடாவில் 1945இல் தொடங்கிய ஷோல்டைஸ் மருத்துவமனை குடலிறக்கத்தை மட்டுமே செய்கிறது, அதையும் லோக்கலும் லேசான தூக்க மருந்தும் கொண்டு செய்கிறது. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் மெஷ் முறைக்குப் பெயர் தந்த லாஸ் ஏஞ்சலஸின் லிக்டன்ஸ்டைன் அதை வளர்த்தெடுத்ததே லோக்கலில்தான். அவர் முறையை எடுத்துக்கொண்டோம், அவர் மயக்க முறையை மட்டும் கழற்றி வைத்துவிட்டோம். வலிக்கும் என்றால் இத்தனை ஆண்டுகளாக இவர்களிடம் ஏன் வலிக்கவில்லை?

வலிக்கும் லோக்கலும் உண்டு, வலிக்காத லோக்கலும் உண்டு. வித்தியாசம் கையில் இருக்கிறது. தோலுக்குள் ஒரு கீற்றாக ஊசியை ஏற்றிவிட்டு உடனே கத்தி வைப்பவரின் நோயாளி கத்தத்தான் செய்வார். முறை தெரிந்தவர் செய்வது வேறு. மெல்லிய ஊசியால் தோலுக்கு அடியில் முதலில், பிறகு தோலுக்குள், பிறகு ஆழக் கொழுப்புக்குள் என்று வெட்டு நெடுக மெதுவாக ஏற்றுகிறார். மருந்தின் அமிலத் தன்மைதான் எரிச்சலுக்குக் காரணம் என்பதால் லிக்னோகைனில் கொஞ்சம் சோடாபைகார்ப் கலந்துகொள்கிறார். கொழுப்பை வெட்டி எக்ஸ்டர்னல் ஆப்ளிக் தசையின் வெள்ளைப் பட்டை தெரிந்ததும், அதைத் திறப்பதற்கு முன்பே அதன் அடியில் எட்டுப் பத்து மில்லியைச் செலுத்திக் காத்திருக்கிறார். மூடிய அறைக்குள் தண்ணீர் பரவுவது போல மருந்து பரவி மூன்று நரம்புகளையும் நனைக்கிறது. அதற்கப்புறம் பாக்கியிருப்பவை இரண்டு இடங்கள். ஒன்று, மெஷ்ஷின் முதல் தையல் விழும் அந்தரங்க எலும்பின் முனை. மற்றொன்று, குடலுறைப் பையின் கழுத்து. இரண்டிலும் தனியாகச் சில மில்லி. பையை இழுத்துப் பறிக்காமல் கூர்மையாகப் பிரித்தெடுக்கும் கை வேண்டும். ஸ்பைனலில் முரட்டுக்கை மன்னிக்கப்படும், லோக்கலில் மன்னிக்கப்படாது. "வலிக்கும்" என்ற வாக்கியத்துக்குள் பல சமயம் மறைந்திருக்கும் உண்மை இதுதான்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆயுதம் ஒன்று உண்டு. லோக்கலில் செய்யப்பட்ட முதல்முறைக் குடலிறக்கங்களில் மறு ஆபரேஷன் தேவைப்படுவது சற்றுக் கூடுதல் என்று ஸ்வீடனின் பதிவேடு 2004இல் காட்டியது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லோக்கலையே நம்பி வாழும் சிறப்பு மையங்களில் குடலிறக்கம் திரும்ப வருவது மிகக் குறைவு. மருந்துதான் குற்றவாளி என்றால் அங்கேதான் அதிகம் திரும்பியிருக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை, வலிக்குமோ என்ற பதற்றத்தோடு, சரியாகப் பிரிக்காமல் அவசரமாகத் தைப்பவர்களின் கணக்கு அது. இதற்கு மருந்து பயிற்சிதான். கற்றுக்கொள்ளாததைக் காரணமாகக் காட்டிக் கற்றுக்கொள்வதையே தள்ளிப்போடுவது வாதமாகாது.

மூன்றாவது கூற்று நவீன உடை போட்டு வருகிறது. அல்ட்ராசவுண்ட் வந்தபின் வயிற்றுச் சுவர் பிளாக்குகள் பெருகிவிட்டன. 2001இல் இடுப்புக்கு மேலே கைக்குத் தட்டும் முக்கோண இடத்தைத் தடவிப் பார்த்துப் போடத் தொடங்கிய டேப் பிளாக், பிறகு திரையில் பார்த்துப் போடும் இலியோஇங்குவினல் பிளாக், குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக், 2016இல் வந்த எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்று பட்டியல் நீள்கிறது. திரையில் தசை அடுக்குகளுக்கு நடுவே மருந்து கறுப்புத் தகடாக விரிவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் டேப் பிளாக் வயிற்றுச் சுவரை மரக்க வைக்கும், குடலுறையை மரக்க வைக்காது. இலியோஇங்குவினல் பிளாக் ஜெனிட்டோஃபெமரல் கிளையைத் தொடாது. ஆகவே பிளாக் மட்டும் போட்டுக் கத்தி வைத்தால், பையைத் தொடும்போது நோயாளி துள்ளுவார். அப்போது அறுவை மருத்துவர் கேட்பது லோக்கல் ஊசியைத்தான். மருந்து தவறான அடுக்கில் வழிந்து தொடை நரம்பை நனைத்தால், நடந்து போக வேண்டியவர் கால் மடங்கி விழவும் கூடும். பாராவெர்டிப்ரல் பிளாக் தனியாகவே போதும் என்பார்கள். போதும்தான். அதற்குப் பல மட்டங்களில் ஊசி, தேர்ந்த கை, கூடுதல் நேரம் எல்லாம் வேண்டும். இந்தப் பிளாக்குகளுக்கு உரிய இடம் ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிதான். அந்த வேலையில் அவை நல்லவை.

லோக்கல் ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஆபத்து அளவில் இருக்கிறது. லிக்னோகைனை அட்ரினலின் இல்லாமல் கொடுத்தால் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், அட்ரினலின் சேர்த்தால் 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 60 கிலோ ஆளுக்கு, அட்ரினலின் சேர்த்தாலும் 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்துள்ள 30 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பதோ 600 மில்லிகிராம். பாட்டிலை அப்படியே காலி செய்பவர் வரம்பைத் தாண்டிவிட்டார். சலைன் கலந்து நீர்க்கச் செய்திருந்தால், அதே வரம்புக்குள் 1 சதவீதத்தில் 42 மில்லி கிடைத்திருக்கும். எல்லா அடுக்குக்கும் அது போதும். மீறினால் நாக்கு மரக்கும், காது இரையும், பிறகு வலிப்பு, பிறகு இதயம். அதற்கான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் தியேட்டர் அலமாரியில் இருக்க வேண்டும், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தலைமாட்டில் மயக்க மருத்துவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 'லோக்கல்தானே' என்று மயக்க மருத்துவரை அனுப்பிவிட்டுச் செய்வது நான் வாதாடும் முறையே இல்லை.

ஸ்பைனலுக்கு நியாயமான இடமும் உண்டு. விரைக்குள் இறங்கிப் பெரிதாகிவிட்ட குடலிறக்கம், இரண்டு பக்கமும் ஒரே நாளில் திறந்து செய்வது, மிகப் பருத்த உடல், ஏற்கெனவே தைத்து மறுபடி வந்து தழும்பு மண்டிய இடம் ஆகியவற்றில் லோக்கலின் கை குட்டைதான். விழித்திருக்கவே பயப்படுபவரை வற்புறுத்தவும் கூடாது. அடைபட்டு வாந்தியெடுத்து வரும் அவசர நோயாளிக்கு முறையை முடிவு செய்வது அன்றைய நிலைமைதான். ஸ்பைனல் போடும்போதும் நன்றாகப் போடலாம். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையைத் தொடங்கி வைத்த ஆகஸ்ட் பியர், தன் முதுகிலேயே சோதித்துப் பார்க்கப்போய்த் தலைவலியில் படுத்தவர். அந்தத் தலைவலி இன்னும் நம்மிடம் இருக்கிறது. கூர்முனை ஊசிகளையும், தண்டுவட உறையின் நாரைக் கிழிக்காமல் விலக்கிப் போகும் பென்சில் முனை ஊசிகளையும் ஒப்பிட்டு லான்செட்டில் 2018இல் வந்த தொகுப்பாய்வு, தலைவலி முன்னதில் 11 சதவீதம், பின்னதில் 4.2 சதவீதம் என்றது. அப்படியிருந்தும் கூர்முனை ஊசி நம் தியேட்டர்களிலிருந்து இன்னும் போகவில்லை. பென்சில் முனை ஊசி, குறைந்த அளவு புபிவக்கைனோடு சிறிது ஃபென்டனைல், டிரிப்பில் கஞ்சத்தனம் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் மேலே சொன்ன வார்டு ராத்திரிகளில் பாதி குறையும்.

அப்படியானால் இத்தனைக்கும் பிறகு ஏன் முதுகு ஊசியே வழக்கம்? நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆய்வுகளை எழுதிக் குவித்த டென்மார்க்கிலேயே 1998 முதல் 2003 வரை லோக்கலில் செய்தது சுமார் 18 சதவீதம்தான். காரணம் எளிது. ஸ்பைனலில் அறுவை மருத்துவருக்குப் பேசவேண்டிய நோயாளி இல்லை, காத்திருக்க வேண்டிய நிமிடங்கள் இல்லை, கையை அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பட்டமேற்படிப்பு மாணவர் பார்ப்பதெல்லாம் ஸ்பைனலில் நடக்கும் ஹெர்னியாதான், ஆகவே நாளை அவர் செய்வதும் அதுவாகவே இருக்கும். எங்கள் மயக்கவியல் துறையிலும், "லோக்கலுக்கு நாங்கள் எதற்கு" என்ற மனநிலை இருக்கிறது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர். தீமை அந்த இடைவெளியில் நடக்கிறது.

அந்த இடைவெளியைக் குறைக்க முடியும். அறுவைப் பயிற்சியில் லோக்கலில் குடலிறக்கம் தைப்பதைக் கட்டாயமாக்கலாம். ஒவ்வொரு மருத்துவமனையும் ஹெர்னியா நோயாளிகளில் எத்தனை பேருக்கு அன்றிரவு டியூப் போட்டோம், எத்தனை பேர் மறுநாள் தலைவலியோடு படுத்தார்கள், எத்தனை பேர் அன்றே வீடு போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். ஆறு மாதத்தில் அந்த நோட்டே வாதாடும். நோயாளிக்கும் ஒரு வேலை இருக்கிறது. "எனக்கு லோக்கலில் செய்ய முடியுமா? முடியாதென்றால் என் உடம்பில் என்ன காரணம்?" என்று கேட்க வேண்டும். "எனக்குப் பழக்கமில்லை" என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னால் அதுவும் மதிக்கத்தக்க பதில். பழக்கமில்லாத கையில் லோக்கலைவிடப் பழகிய கையில் ஸ்பைனல் நல்லது. "பெரியவருக்கு அதுதான் சேஃப்" என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஸ்பைனல் ஏன் என்பதைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரியில் எழுத முடிந்தால், தாராளமாகப் போடட்டும். அந்த வரியில் 'வழக்கம்' என்று மட்டும் இருக்கக் கூடாது.